ஆலை மூடினாலும் மீட்டர் ஓடும்

தீபாவளிக்கு நாம வெடிக்கிற பட்டாசைப் பத்தி நிறைய பேசியாச்சு. இன்னைக்கு அந்தப் பட்டாசைச் செய்யறவங்க வீட்டு கரண்ட் பில்லைப் பத்திப் பேசப் போறேன். சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். ஆனா ஒரு ஊரே வேலை இல்லாம உக்காந்திருந்தப்ப சலுகை யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரலைங்கிறதை இந்த பில்லை வச்சே சொல்லிடலாம்.

2018 அக்டோபர் 23. பட்டாசு வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுது. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான். கம்பி மத்தாப்பு உட்பட பல சரக்குக்கு பேரியம் நைட்ரேட்தான் முக்கியமான மருந்து. அந்த வருஷம் நவம்பர் 6 தீபாவளி. வழக்கமா தீபாவளி முடிஞ்சதும் கொஞ்ச நாள் லீவு விட்டு, பூஜை போட்டு ஆலையைத் திறப்பாங்க. அந்தத் தடவை திறக்கலை. புது விதிப்படி உற்பத்தி செய்ய முடியாதுன்னு முதலாளிகள் நிறுத்திட்டாங்க. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்னு அந்த வட்டாரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். டிசம்பர்ல தொழிலாளர்கள் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி திரண்டாங்க. 2019 மார்ச் வாக்குலதான் மறுபடி வேலை ஆரம்பிச்சது.

இங்க ரெண்டு கணக்கைக் கவனிங்க. பட்டாசுத் தொழிலாளிக்குச் சம்பளம் வாரக் கூலி. சனிக்கிழமை கைக்கு வரும். கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. ஆலை மூடின மறு வாரமே கூலி நின்னுடும். மீட்டர் நிக்காது. கெடுவுக்குள்ள கட்டலைன்னா ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க. திரும்ப இணைக்க அதுக்குத் தனியா பணம் கட்டணும்.

அப்ப அந்த நாலு மாசம் எப்படித் தாக்குப் பிடிச்சாங்க? நகை அடகு, குழுக் கடன் எல்லாம் உண்டு. ஆனா கரண்ட் பில்லைப் பொறுத்தவரை ஒரு பழைய கையெழுத்து காப்பாத்துச்சு. 2016 மே 23, பதவியேத்த அன்னைக்கே ஜெயலலிதா போட்ட உத்தரவு: எல்லா வீட்டு இணைப்புக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவின்னு 90 யூனிட் ஓடுற வீட்டுக்கு பில் பூஜ்யம். 200 யூனிட் வரைக்கும் போனாலும் 170 ரூபாய்தான்.

நல்ல ஏற்பாடுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன், காம்பவுண்டு வீடுகளோட கணக்கைப் போட்டுப் பார்க்கிற வரைக்கும்.

ஒரு காம்பவுண்டுல ஆறு குடித்தனம், ஆனா ஒரே ஈபி கார்டுன்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு வீட்டுலயும் அதே 90 யூனிட். ஆறு கார்டு இருந்தா ஆறு பேருக்கும் பூஜ்யம். ஒரே கார்டுங்கிறதால மொத்தம் 540 யூனிட் ஆகுது. 500-ஐத் தாண்டினா ஒரு யூனிட்டுக்கான ரேட்டே மாறிடும். அன்னைய கட்டணப்படி பில் 2,044 ரூபாய். வீட்டுக்காரர் ஒரு பைசா லாபம் வைக்காம சமமாப் பிரிச்சாலும் ஆளுக்குச் சுமார் 340 ரூபாய். சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 7 ரூபாய்னு வாங்கினா 630. அதே கரண்டு, அதே வேலையில்லாத் திண்டாட்டம். சொந்தக் கார்டு வச்சிருக்கிறவருக்கு ஒண்ணுமில்லை, வாடகைக்கு இருக்கிறவருக்கு 630. இலவசம் மீட்டருக்குக் குடுத்தது, குடும்பத்துக்கு இல்லை.

அடுத்த வருஷமே இது இன்னொரு தடவை நடந்தது. 2020 மார்ச் 25-ல ஊரடங்கு. ரீடிங் எடுக்க ஆள் வரலை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னாங்க. கட்டுறதுக்கான கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளி வச்சாங்க. அப்புறம் நாலு மாசத்து ரீடிங்கைச் சேர்த்து எடுத்து, ரெண்டாப் பிரிச்சு, கட்டின தொகையைக் கழிச்சாங்க. கோடைக் கரண்டு மொத்தமும் ஒரே பில்லுல வந்து நின்னுச்சு. இந்தக் கணக்கை எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலைல தள்ளுபடி செஞ்சது. இதுலயும் கெடு நீட்டிப்பு கார்டு யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். கரண்டு காசை வாடகையோட சேர்த்து மாசாமாசம் குடுக்கிறவருக்குக் கெடுங்கிறது வீட்டுக்காரர் மனசு.

2022 செப்டம்பர் 10-ல கட்டணம் ஏறினப்பவும் 100 யூனிட் இலவசத்தைத் தொடலை. சொந்தக் கார்டுல 90 யூனிட் ஓட்டுறவருக்கு அப்பவும் பூஜ்யம்தான். அந்த ஆறு குடித்தனக் காம்பவுண்டு பில்லோ 2,270 ஆச்சு.

நெருக்கடி வந்தா அரசாங்கம் கையில இருக்கிற பட்டியலை எடுத்துத்தான் சலுகை குடுக்கும். ரேஷன் கார்டுப் பட்டியல், மீட்டர் பட்டியல். அந்தப் பட்டியல்ல பேர் இல்லாதவங்க நெருக்கடிக்கு முன்னாடியே வெளியில நிக்கிறாங்க. தனிக் குடித்தனத்துக்குத் தனி இணைப்பு வாங்கலாம்தான், ஆனா அதுக்கு வழக்கமா வீட்டுக்காரர் சம்மதம் கேப்பாங்க. வேலை போன மாசத்துல போய் அதை யாரு கேப்பா?

நீங்க சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ வாடகைக்கு இருந்தா, உங்க போர்ஷனுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறாங்கன்னு ஒரு தடவை பாருங்க. அந்த 100 யூனிட் உங்களுக்கு வருதா? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.