வெர்ஜின் தீவுகள் அனுப்பிய இரு செனட்டர்கள்

கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே, செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்று, வெர்ஜின் தீவுகளைச் சேர்ந்த மூன்று சிறு தீவுகள் உள்ளன. 1917-ல் அமெரிக்க ஐக்கிய நாடு இரண்டரைக் கோடி டாலரைக் கொடுத்து டென்மார்க் அரசிடமிருந்து அவற்றை விலைக்கு வாங்கிற்று. ஆனால் அந்தக் கிரயம் நடப்பதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அத்தீவுகளில் ஜனித்த இரண்டு யூதர்கள் அதே அமெரிக்காவின் செனட் சபையில் வீற்றிருந்தார்கள் என்பதும், அச்சபையில் முதன்முதல் அமர்ந்த யூதர்களும் அவர்களே என்பதும் சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை நெடியது. ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் மதவிசாரணைக்கு அஞ்சி ஓடிய குடும்பங்களின் சந்ததியார் டச்சுத் தீவுகளிலும் ஆங்கிலத் தீவுகளிலும் சிதறி வாழ்ந்து வந்தனர். 1781-ல் ரோட்னி என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவன் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவைப் பிடித்து, அங்கிருந்த யூத வியாபாரிகளின் கிடங்குகளைச் சூறையாடியபோது, அவர்களில் பலர் டேனிஷ் கொடியின் நிழலை நாடி செயின்ட் தாமஸுக்கு வந்தார்கள். டென்மார்க் பெரும் யுத்தங்களில் கூடியவரை நடுநிலை வகித்த ராஜ்யம். எந்தத் தேசத்துக் கப்பலும் வந்து சரக்கு இறக்கலாம் என்று திறந்து வைத்த துறைமுகம் அதனுடையது. வர்த்தகனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1796-ல் அவர்கள் ஒரு சபையாகக் கூடினார்கள். தீ விபத்துக்களுக்குப்பின் 1833-ல் சார்லட் அமேலி நகரில் அவர்கள் எழுப்பிய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. உள்ளே மகோகனி மரத்து ஆசனங்கள். கால் வைத்தால் தரையெங்கும் மணல். நிலவறைகளில் மறைந்து தொழுத முன்னோர்கள் காலடி ஓசை வெளியே கேளாதிருக்க மணல் பரப்பிய வழக்கத்தின் நினைவு அது என்பது அவ்வூரார் சொல்லும் காரணம்.

அச்சபை தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, யூதக் குடும்பத்தில் பிறந்து லூதரன் மார்க்கத்தைத் தழுவிய கேப்ரியல் மிலான் என்பவர் 1684-ல் கவர்னராக வந்து இரண்டே ஆண்டுகள் ஆண்டார். கொடுங்கோன்மைக் குற்றத்துக்காகக் கோபன்ஹேகனில் 1689-ல் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். நற்சகுனமான ஆரம்பம் என்று சொல்வதற்கில்லை.

மொராக்கோவில் பிறந்த மோசஸ் லெவி என்பவரும் பிலிப் பெஞ்சமின் என்பவரும் செயின்ட் தாமஸில் வியாபாரக் கூட்டாளிகள். முன்னவருக்கு 1810-ல் அத்தீவில் டேவிட் பிறந்தான். பின்னவருக்கு 1811-ல் செயின்ட் குரோயில் ஜூடா பிறந்தான். அப்போது தீவுகள் ஆங்கிலேயர் வசம் இருந்தபடியால் ஜூடா பிறப்பிலேயே பிரிட்டிஷ் பிரஜை. இது பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

என் மனத்தைக் கவர்பவர் அவ்விருவரும் அல்லர், மூத்த லெவியே. கியூபாவில் பொருள் ஈட்டி, புளோரிடாவில் சுமார் ஐம்பதாயிரம் ஏக்கர் நிலம் வாங்கி, ஐரோப்பாவில் நிந்தையுற்ற யூதர்களுக்கு அங்கே ஒரு புகலிடம் அமைக்க முயன்ற அம்மனிதர், 1828-ல் லண்டனில், தம் பெயரை வெளியிடாமல், அடிமைமுறையை ஒழிப்பதற்கான ஒரு திட்டத்தைப் பிரசுரம் செய்தார். தம் தோட்டத்தில் அடிமைகளை வைத்துக்கொண்டே அவர் இதை எழுதினார் என்பதையும் மறைக்கலாகாது. மகனோ தந்தையின் கருத்துக்கு நேர்விரோதமாக வளர்ந்தார். 1841-ல் புளோரிடா இன்னும் பூரண மாநிலமாகாத காலத்தில், வாக்குரிமையற்ற பிரதிநிதியாக அவர் வாஷிங்டன் சென்றபோது, இவருடைய தகப்பனார் அமெரிக்கப் பிரஜையே அல்லர் என்று எதிரிகள் வழக்காடிப் பார்த்தனர். 1845-ல் புளோரிடா மாநிலமாயிற்று; அவர் செனட்டரானார். மறுவருஷம் பெயருடன் யூலி என்பதைச் சேர்த்துக்கொண்டு, முன்னாள் தபால் இலாகா மந்திரி ஒருவரின் மகளை மணந்து, பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகவே வளர்த்தார். அட்லாண்டிக் கரையிலுள்ள பெர்னாண்டினாவிலிருந்து மேற்குக் கரையிலுள்ள சீடர் கீ வரை அவர் போட்ட ரயில் பாதை 1861 மார்ச்சில் முடிந்தது. அடுத்த மாதம் உள்நாட்டு யுத்தம் மூண்டது.

ஜூடா பெஞ்சமினின் புத்தி இன்னும் கூரியது. பதினான்கு வயதில் யேல் கலாசாலை புகுந்து, பட்டம் பெறாமல் வெளியேறி, நியூ ஆர்லியன்ஸில் வக்கீலாகி, பின்னாளில் செனட்டருமானார். ‘கிரியோல்’ என்ற கப்பலில் அடிமைகள் கலகம் செய்து விடுதலை பெற்ற வழக்கில், இன்ஷுரன்ஸ் கம்பெனிக்காக ஆஜரான அவர், அடிமையும் மனிதனே, அவனுக்கும் உணர்ச்சியும் அறிவும் கோபமும் உண்டு, அடைபட்டவன் எதிர்த்தெழுவது இயற்கை என்று உருக்கமாக வாதித்தார். அதே மனிதர் சுமார் 140 அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்தின் சொந்தக்காரருமானார். வாதம் கட்சிக்காரனுடையது, தோட்டம் தம்முடையது என்று அவர் சமாதானம் சொல்லிக் கொண்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஏனெனில் 1848 ஜூலை 3-ம் தேதி, செயின்ட் குரோயின் அடிமைகள் திரண்டெழ, டேனிஷ் கவர்னர் ஃபான் ஷோல்டன் வேறு வழியின்றி விடுதலைப் பிரகடனம் செய்தார். பிறந்த தீவுகளில் விலங்கு அறுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான பின்பும், அத்தீவுகளின் மக்களான இவ்விருவரும் 1861-ல் செனட்டை விட்டு வெளியேறி, அவ்விலங்கைக் காக்கும் கட்சியிலேயே நின்றார்கள். பெஞ்சமின், அமெரிக்காவிலிருந்து பிரிந்து நின்ற தென்னாட்டு அரசில் சட்ட மந்திரி, யுத்த மந்திரி, அயல்நாட்டு மந்திரி என்று மூன்று பதவிகளை வகித்தார். அவ்வரசின் இரண்டு டாலர் நோட்டில் அவர் முகமே அச்சாயிற்று.

தென்னாட்டின் தோல்விக்குப்பின் யூலி சிறை சென்றார். பெஞ்சமின் புளோரிடா வழியே பஹாமாஸ் சேர்ந்து, இங்கிலாந்தை அடைந்து, ஐம்பத்து நான்காம் வயதில் பாரிஸ்டரானார். 1868-ல் அவர் இயற்றிய சரக்கு விற்பனைச் சட்ட நூல் நம் நாட்டு நீதிமன்றங்களிலும் மேற்கோளாக வழங்குவது.

தீவுகளையே ஆண்ட யூதர்களும் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுக்கல் யூதர்களின் வழிவந்த பழைய செபார்டிக் வம்சத்தவரான மோரிஸ் டி காஸ்ட்ரோவை 1950-ல் ஜனாதிபதி ட்ரூமன் கவர்னராக்கினார். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய வியாபாரக் குடும்பத்தில் செயின்ட் தாமஸில் பிறந்த ரால்ப் பைவான்ஸ்கியை 1961-ல் ஜனாதிபதி கென்னடி நியமித்தார். அவர் 1969 வரை ஆண்டு, தீவுகளுக்கென்று ஒரு கல்லூரியையும் ஏற்படுத்தினார். அது இன்று பல்கலைக்கழகம். செனட்டர்களின் புகழ் பெரிதாயினும், பிறந்த மண்ணுக்குப் பயன்பட்டவர் இவரே என்பது என் அபிப்பிராயம்.

இன்றும் அத்தீவுவாசிகளுக்கு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. செனட்டில் அவர்களுக்கு இடமும் இல்லை. யூலி 1841-ல் வகித்த அதே பதவியைப் போல, பிரதிநிதிகள் சபையில் பேசலாம், ஆனால் மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது என்ற நிபந்தனையுடன், ஒரே ஒரு பிரதிநிதியை மட்டும் அவர்கள் அனுப்பி வருகிறார்கள்.