வலைவழி கண்விழிக்கும் கணினி

கணினியின் ஆளியை அழுத்துகிறோம். சில விநாடிகளில் திரையிலே ஒளி பரவுகிறது, வேலை தொடங்குகிறது. அச்சில விநாடிகளுள் நிகழ்வது யாதென்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்சாரம் பாய்ந்த அக்கணத்திலே கணினி பிறந்த குழந்தையைப் போன்றது. அதனை நடத்தவேண்டிய பெருநிரல், அதாவது இயங்குதளம், வன்தட்டிலே உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பி நினைவகத்தில் ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவதற்கும் வேறொரு நிரல் வேண்டும். விதை முந்தியதா, மரம் முந்தியதா என்ற பழைய வினாவே இங்கும் எழுகின்றது. ஆங்கிலேயர் இதனை, ஒருவன் தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வதற்கு ஒப்பிட்டனர். கணினியைத் தொடக்குவதற்கு இன்று வழங்கும் ‘பூற்’ என்னும் சொல் அந்த உவமையிலிருந்து பிறந்ததே.

வன்தட்டே இல்லாத கணினி என்ன செய்யும்? வன்தட்டு இருந்தும் அதில் ஒன்றும் எழுதப்படாத கணினி என்ன செய்யும்? கம்பியின் மறுமுனையிலுள்ள வேறொரு கணினியிடம் கேட்டுத்தான் அது கண்விழிக்க வேண்டும். இந்த வழக்கத்துக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் கடைசி அத்தியாயம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு இணைப்பியில் வந்து நிற்கின்றது. அந்தக் கதையையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

கதை தொடங்குமிடம் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் கம்பனியின் பாலோ அல்ரோ ஆராய்ச்சி நிலையம். 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி, றொபேட் மெற்காவ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் தம் சகாக்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிலையத்திலுள்ள கணினிகளை எல்லாம் ஒரே கம்பியிற் பிணைத்து, எந்தக் கணினியும் எந்தக் கணினியுடனும் பேசச் செய்யும் வழியை அது கூறியது. ஹவாய்த் தீவுகளில் நோமன் ஏபிரம்சன் வானொலி அலைகளைக் கொண்டு அமைத்த அலோகா வலையமைப்பு அவருக்கு ஒரு வழிகாட்டி. தம் அமைப்புக்கு மெற்காவ் ‘ஈதர்நெற்’ என்று பெயரிட்டார். ஒளி செல்வதற்கு எங்கும் நிறைந்த ஓர் ஊடகம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் நம்பினர். அதற்கு ஈதர் என்று பெயரும் இட்டிருந்தனர். அப்படி ஒன்று இல்லையென்று பௌதிகவியல் கைவிட்ட பெயர், கம்பியிலே மறுபிறவி எடுத்தது. மெற்காவும் டேவிட் பொக்ஸும் அமைத்த அந்த முதல் வலை விநாடிக்கு 29 இலட்சத்து 40 ஆயிரம் பிற் வேகத்தில் இயங்கியது.

அந்நிலையத்தில் இருந்த கணினியின் பெயர் அல்ரோ. அதற்குத் தட்டு உண்டு. ஆயினும் தட்டின்றி வலைவழியாகவும் அதைத் தொடக்கலாம். தொடக்கும்போது விசைப்பலகையில் உரிய விசைகளை அழுத்திப் பிடித்தால், அல்ரோ தட்டை நாடாது கம்பியை உற்றுக் கேட்கும். வழங்கியாக இருக்கும் கணினி சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு சிறு பொதியை எல்லோருக்குமாக ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அப்பொதியைப் பெற்ற அல்ரோ, அதிலிருந்த சிறு நிரலின் துணைகொண்டு மிகுதியைக் கேட்டு வாங்கி எழுந்துவிடும். அந்தச் சிறு பொதிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உயிர்மூச்சு’ என்பதாகும். இதனினும் பொருத்தமான பெயரை எவர் இட முடியும்?

ஆனால் அது ஒரு வீட்டுக்குள் நடந்த காரியம். அல்ரோவும் வழங்கியும் வலையும் ஒரே கம்பனியின் பிள்ளைகள். வெவ்வேறு கம்பனிகளின் பொறிகள் ஒன்றையொன்று எழுப்ப வேண்டுமாயின், அவற்றுக்கிடையே ஓர் உடன்படிக்கை வேண்டும். 1980ஆம் ஆண்டில் டிஜிற்றல், இன்ரெல், செரொக்ஸ் என்னும் மூன்று கம்பனிகளும் கூடி, விநாடிக்கு ஒரு கோடி பிற் வேகத்தில் இயங்கும் ஈதர்நெற்றின் விதிகளை வெளியிட்டன. ஒவ்வோர் ஈதர்நெற் அட்டைக்கும் 48 பிற் நீளமான ஒரு முகவரி உண்டென்பது அவ்விதிகளுள் ஒன்று. அதன் முற்பாதி செய்தவர் யாரென்பதைச் சொல்லும். பிற்பாதி தொடர் இலக்கம். தன் பெயரையே அறியாது எழும் கணினிக்கு, அந்த இலக்கம் ஒன்றுதான் பிறவிச் சொத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. இறுதியில் இதுவே ஒரு வில்லங்கமாக வரப்போகின்றது.

எண்பதுகளிலே வன்தட்டு விலை மிகுந்த பொருள். பத்துக் கணினிக்குப் பத்துத் தட்டு வாங்குவதைவிட, ஒரு வழங்கியில் பெரிய தட்டொன்றை வைத்து, மற்றவற்றைத் தட்டின்றி இயக்குவது சிக்கனம். சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் முதலிய கம்பனிகள் இத்தகைய தட்டற்ற கணினிகளை விற்றன. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றார்ப்’ என்னும் விதி, “என் அட்டையின் இலக்கம் இது, வலையில் என் முகவரி யாது?” என்று கேட்கும் முறையை வகுத்தது. ஆனால் விடையாக முகவரி மட்டுமே கிடைத்தது. எந்த வழங்கியிடம் போவது, எந்தக் கோப்பைக் கேட்பது என்பன தெரியா. அக்குறையை 1985ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பில் குறொவ்ற், ஜோன் கில்மோர் ஆகிய இருவரும் எழுதிய ‘பூற்பி’ என்னும் விதி தீர்த்தது. முகவரி, வழங்கியின் முகவரி, கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் அது ஒரே விடையிற் கொடுத்தது. கோப்பை எடுத்துவர ‘ரிஎவ்ரிபி’ என்னும் எளிய முறை முன்னரே இருந்தது. 512 பைற் அளவான துண்டொன்றை அனுப்பி, “கிடைத்தது” என்ற விடை வந்த பின்னரே அது அடுத்த துண்டை அனுப்பும். மந்தமான முறைதான், ஆயினும் மிகச் சிறிய சில்லொன்றினுள் அடங்கிவிடும் நிரல் அது. அந்தச் சிறுமையே அதன் பெருமை.

சில்லு என்றேனல்லவா? தனியாள் கணினிகள் பரவிய காலத்தில், ஈதர்நெற் என்பது தனியே வாங்கிச் செருகும் ஓர் அட்டை. அவ்வட்டையிலே காலியான ஒரு குழி இருக்கும். தொடக்க நிரல் எழுதிய றொம் சில்லை அதிற் பொருத்தினால், கணினி வலைவழி எழும். இங்கேதான் ‘பொருந்துமா, பொருந்தாதா’ என்னும் தொல்லை தலைகாட்டிற்று. ஓர் அட்டைக்கு எழுதிய நிரல் மற்றோர் அட்டைக்கு உதவாது. நொவெல் கம்பனியின் என்இ-2000 என்னும் அட்டையைப் பல உற்பத்தியாளர் படியெடுத்துச் செய்தமையால், ‘என்இ-2000க்கு ஒத்தது’ என்ற சொற்றொடர் பெட்டிகளின் மேல் ஒரு நற்சான்றுப் பத்திரம்போல அச்சிடப்பட்டது. தொண்ணூறுகளில் ஈதர்பூற் என்னும் திட்டத்தைச் சேர்ந்த தொண்டர்கள், அட்டை வகைகள் பலவற்றுக்கும் தொடக்க நிரல்களை எழுதி இலவசமாக வழங்கினர். சில்லு வாங்க வசதியற்றோர் அந்நிரலை நெகிழ்தட்டில் எழுதியும் பயன்படுத்தினர். வசதி குறைந்த பாடசாலைகளுக்கு இது ஒரு பெரிய உபகாரம்.

பின்னர் இன்ரெல் கம்பனி ‘பிஎக்ஸ்இ’ என்னும் பொது விதியை வகுத்தது. 1999ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அதன் 2.1ஆம் பதிப்பு வெளிவந்தது. எவர் செய்த அட்டையாயினும், அதிலுள்ள நிரல் ஒரே மொழியில் விடையிறுக்க வேண்டும் என்பதே இதன் சாரம். அதே ஆண்டு சனவரியில், சான் பிரான்சிஸ்கோ நகரில் அப்பிள் கம்பனியின் ஸ்ரீவ் ஜொப்ஸ், தம் கம்பனியின் சொந்த முறையிலே, ஒரே வழங்கியிலிருந்து ஐம்பது ஐமக் கணினிகளைத் தொடக்கிக் காட்டினார். வலைவழித் தொடக்கத்தின் பொற்காலம் அது. ஈதர்நெற் கணினியின் தாய்ப்பலகையிலேயே இடம்பெற்றது; மடிக்கணினிகளிலும் அவ்வாறே. பொருத்தம் பார்க்கும் தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் எண்ணினர்.

ஆனால் ஒழியவில்லை. 2008ஆம் ஆண்டு சனவரியில் அப்பிள் கம்பனி மக்புக் எயர் என்னும் மடிக்கணினியை வெளியிட்டது. அதன் மிகத் தடித்த பாகமே இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவு. மெல்லிய ஓரம் அரைச் சென்ரிமீற்றரும் இல்லை. ஈதர்நெற் கம்பியைச் செருகும் வாயோ ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் வேண்டுவது. எனவே அந்த வாய் நீக்கப்பட்டது. ஏனைய கம்பனிகளும் காலப்போக்கில் அவ்வழியே சென்றன. ‘கம்பி வேண்டுமாயின், யூஎஸ்பி துளையில் ஓர் இணைப்பியைச் செருகிக்கொள்ளுங்கள்’ என்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; அதைச் சற்று நின்று பார்ப்போம். பழைய அட்டை தன் தொடக்க நிரலைத் தன்னுடனேயே சுமந்து வந்தது. கணினி அந்த நிரலை வாங்கி இயக்கும். யூஎஸ்பி இணைப்பியோ அவ்வாறு ஒரு நிரலைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. தன்னை இயக்கும் அறிவு கணினியின் நிலைபொருளுக்குள் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இயங்குதளம் ஏறிய பின்னர் எத்தனையோ வகை இணைப்பிகள் செவ்வனே வேலை செய்யும். ஏனெனில் அவற்றின் இயக்கிகள் இயங்குதளத்தில் உண்டு. இயங்குதளத்தையே வாங்கிவர வேண்டிய வேளையில் அந்த இயக்கிகள் ஏது? விதையும் மரமும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றன.

ஒரு பாடசாலைக்கு முப்பது மடிக்கணினிகள் நன்கொடையாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கள் துடைக்கப்பட்டுள்ளன. வழங்கி ஆயத்தமாக இருக்கிறது. ஆசிரியர் சந்தையில் மலிவான இணைப்பியை வாங்கிச் செருகுகிறார். விளக்கு எரிகிறது, ஆனால் தொடக்கப் பட்டியலில் வலை என்ற சொல்லே தோன்றவில்லை. கணினி பழுதன்று, இணைப்பியும் பழுதன்று, கம்பியும் நல்லதே. ஒன்றையொன்று அறியாமை ஒன்றே குற்றம். அந்த அறியாமையினால் முப்பது பிள்ளைகளின் பாடம் நிற்கிறது.

ஆகவே இணைப்பியைத் தேடுவோர் முதலிற் பார்க்கவேண்டியது பெட்டியின் மேலுள்ள பெயரையன்று; உள்ளே இருக்கும் சில்லையே. றியல்ரெக் கம்பனியின் 8153, எசிக்ஸ் கம்பனியின் 88179 என்பன பரவலாக வழங்கும் சில்லுகள். மடிக்கணினியின் நிலைபொருள் எந்தச் சில்லை அறியும் என்பதே கேள்வி. சில கம்பனிகளின் நிலைபொருள் தம் பெயரில் விற்கும் இணைப்பியையே ஏற்கும். மைக்ரோசொவ்ற் கம்பனி தன் சேர்பஸ் கணினிகளை வலைவழி தொடக்கத் தன் இணைப்பியையே வேண்டுமென்று கூறியிருக்கின்றது. வேறு சில மடிக்கணினிகளில் ஈதர்நெற் சில்லு உள்ளேயே இருக்கும். வாய் மட்டுமே இல்லை. அவற்றுக்கு அந்த வாயை வெளியே நீட்டும் சிறு வடமே போதும். பிஎக்ஸ்இ பழையபடி நடக்கும். எதுவும் பொருந்தாவிடின், ஈதர்பூற்றின் வழித்தோன்றலான ஐபிஎக்ஸ்இ என்னும் நிரலை யூஎஸ்பி நினைவகத்தில் எழுதி, அதிலிருந்து தொடக்கலாம். பல சில்லுகளுக்கான இயக்கிகள் அதற்குள் உண்டு. அன்று நெகிழ்தட்டு ஆற்றிய பணியை இன்று அது ஆற்றுகின்றது.

முன்னர் சொன்ன வில்லங்கம் இப்போது வருகிறது. முகவரி இலக்கம் அட்டைக்கு உரியது என்றேன். அட்டை கணினிக்குள் இருந்தவரை, அட்டையின் பெயரே கணினியின் பெயர். இப்போதோ ஒரே இணைப்பியை முப்பது கணினிகளிலும் மாறி மாறிச் செருகுகிறோம். வழங்கிக்கு முப்பதும் ஒரே கணினியாகத் தோன்றும். “உனக்குத்தான் முன்பே கொடுத்துவிட்டேனே” என்று அது கைவிரிக்கலாம். இதற்கு இரு பரிகாரங்கள் உள. ஒன்று, இணைப்பியின் இலக்கத்தை விடுத்து, கணினியின் தாய்ப்பலகையிலுள்ள தனி அடையாள எண்ணை வழங்கி நோக்குதல். பிஎக்ஸ்இ விதி அதற்கு இடமளித்திருக்கின்றது. மற்றொன்று, கணினி தன் சொந்த இலக்கத்தை இணைப்பிக்கு இரவல் கொடுத்தல். இந்த இரண்டாம் வழிக்குக் கணினியும் இணைப்பியும் ஒரு கம்பனியினவாகவே பெரும்பாலும் இருக்க வேண்டியுள்ளது.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குள் பிறந்த உயிர்மூச்சை உலகப் பொதுவாக்கியவை, எவரும் படிக்கவும் பின்பற்றவும் கூடிய விதிகள். 1980ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், 1985ஆம் ஆண்டின் பூற்பியும், 1999ஆம் ஆண்டின் பிஎக்ஸ்இயும் அத்தகையன. 2015ஆம் ஆண்டில் வந்த யூஇஎவ்ஐ 2.5ஆம் பதிப்பு, மந்தமான பழைய முறைக்குப் பதிலாக இணையத்தின் எச்ரிரிபி முறையிலேயே தொடக்கக் கோப்புகளை வாங்க வழிசெய்தது. மறுபுறத்தில், ஐம்பது கணினிகளை ஒருங்கே தொடக்கிக் காட்டிய அப்பிள் கம்பனியே, 2018ஆம் ஆண்டளவில் தன் புதிய கணினிகளில் அந்த வசதியைக் கைவிட்டது. விதி பொதுவாக இருந்த இடத்திலே பழைய பொறியும் புதிய பொறியும் பேசிக்கொண்டன. விதி ஒரு வீட்டுக்குள் ஒடுங்கிய இடத்திலே, அவ்வீட்டார் மனம் மாறியதும் கதவு அடைபட்டது.

ஆகவே கணினிகளை மொத்தமாக வாங்கும் பாடசாலைகளும் கந்தோர்களும், விலையையும் எடையையும் கேட்பதற்கு முன்னர், “இது வலைவழி எழுமா? எந்த இணைப்பியுடன் எழும்?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று. நூறு இணைப்பிகளை வாங்குமுன் ஒன்றை வாங்கிச் செருகிப் பார்ப்பது அதனினும் நன்று. திரையிலே முகவரி தோன்றிக் கோப்பு வரத் தொடங்குமாயின், மிகுதி தொண்ணூற்றொன்பதையும் அச்சமின்றி வாங்கலாம்.