அல்சைமருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?



பாட்டிக்கு மறதி முற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் 'அல்சைமர்' என்ற பெயர் அடிபட்டது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு சின்னத் தகவல் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

1901ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். 1903ல் அவர் மியூனிக்கில் எமில் கிரேப்பலினுடைய மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஆய்வகம் கிடைத்தது, ஆனால் சம்பளம் கிடையாது! அவருடைய மனைவி செசிலி பணக்காரர். 1901லேயே இறந்துபோன அவர் விட்டுச்சென்ற சொத்தில்தான் மூன்று குழந்தைகளும் வளர்ந்தார்கள், ஆராய்ச்சியும் நடந்தது. 1906ல் அகஸ்தே இறந்ததும் அவருடைய மூளை மியூனிக்குக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் டூபிங்கனில் அல்சைமர் தன் கண்டுபிடிப்பை வாசித்தார். அந்தச் சொத்து மட்டும் இல்லாதிருந்தால் அந்த மூளையை யார் வெட்டிப் பார்த்திருப்பார்கள்?

ஆய்வகத்துக்கு அல்சைமர் என்றால், நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றிய ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தின் டாம் கிட்வுட். பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1980களின் நடுவில்தான் டிமென்ஷியா பக்கம் வந்தார். முதியோர் இல்லத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும் முறையை காத்லீன் பிரெடினோடு சேர்ந்து உருவாக்கினார். நோயை மட்டும் பார்க்காதே, ஆளைப் பார் என்பது அவர் கட்சி. 1998ல் இறந்துவிட்டார். கவனியுங்கள், இவருக்கும் சோறு போட்டது ஏற்கெனவே கையிலிருந்த வாத்தியார் வேலை.

மனைவி சொத்தும் வாத்தியார் வேலையும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? 2015ல் பிரிட்டனின் அல்சைமர் சொசைட்டிக்காக ராண்ட் யூரோப் என்ற அமைப்பு ஓர் ஆய்வு செய்தது. டிமென்ஷியாவில் பி.எச்.டி. முடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் அந்தத் துறையிலேயே தங்கியிருந்தார்களாம். மீதிப் பேரில் பெரும்பாலோர் சில வருடங்களிலேயே போய்விட்டார்கள். ஆர்வம் இல்லாமல் போனார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலைந்து வருடத்தை ஒப்பந்த வேலையில் ஓட்ட வேண்டும். பராமரிப்பு ஆராய்ச்சியில் இது இன்னும் மோசம். இல்லத்துப் பணியாளர்கள் நம்மை நம்பி மனம் விட்டுப் பேசவே மாதங்கள் ஆகும். அவர்கள் பேச ஆரம்பிக்கும்போது ஒப்பந்தம் முடிகிற தேதி நெருங்கியிருக்கும், அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டியதுதான்.

பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2012ல் பிரதமர் டேவிட் கேமரூன், டிமென்ஷியா ஆராய்ச்சிக்கான நிதியை 2015க்குள் 6.6 கோடி பவுண்டாக, அதாவது இரண்டு மடங்காக, உயர்த்துவதாக அறிவித்தார். 2013 டிசம்பரில் ஜி8 நாடுகள் இதற்கென்றே லண்டனில் கூடின. 2017ல் 25 கோடி பவுண்டு திட்டத்தோடு பிரிட்டனின் டிமென்ஷியா ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. ஆனால் அதில் பெரும்பங்கு மூளைச் செல்களை ஆராய்கிறவர்களுக்கு. பராமரிப்புத் தொழில்நுட்பத்துக்கான பிரிவு பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஆளுக்கென்றே பணம் ஒதுக்கியதில் எனக்குப் பிடித்தது 2020களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. அரசின் என்.ஐ.எச்.ஆர். அமைப்பின் கீழ் ஆரம்ப சுகாதாரம், பொது சுகாதாரம், சமூகப் பராமரிப்பு என்று மூன்று ஆராய்ச்சிப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றும் கைகோத்து, டிமென்ஷியா ஆய்வில் புதிதாகக் காலூன்றுகிறவர்களுக்கு 'தொழில் வளர்ச்சி விருது' கொடுத்தன. பெயர் விருதுதான், மேடையும் பொன்னாடையும் கிடையாது :-) அந்த இளம் ஆராய்ச்சியாளர் இன்னும் கொஞ்ச காலம் அதே துறையில் வேலை பார்க்கக் கொடுக்கிற பணம். அல்சைமருக்கு செசிலியின் சொத்து செய்த வேலை அது.