இஸ்தோப்பில் பிரிந்த சங்கம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கம் வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் வேலைநிறுத்தங்களில் இருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதற்கு முந்தின கேள்விதான் பெரிது. தோட்டத்துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தாலே வழக்குப் போடலாம் என்றிருந்த காலத்தில், சங்கம் என்ற சேதி தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கோ. நடேசய்யர் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு வியாபாரியாக உள்ளே போனார் என்பார்கள். தஞ்சாவூர்க்காரர், கொழும்பில் 'தேசநேசன்' நடத்தியவர். பத்திரிகை போட்டால் மட்டும் போதுமா? லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். அங்கேதான் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் வருகிறார். கூட்டம் கூட அவர் பாடுவார், ஜனங்களுக்குப் பழகிய மெட்டுகளில். 1940இல் அவை புத்தகமாகவும் வந்தன. துண்டுப்பிரசுரத்தைக் கங்காணி பிடுங்கிக் கிழித்துவிடலாம். கொழுந்து எடுக்கிறவள் வாய்க்குள் முணுமுணுப்பதை என்ன செய்வான்? இயக்கத்தின் முதல் பிரசாரகர் மீனாட்சி அம்மாள்தான் என்பது என் கட்சி. வரலாறு எழுதியவர்கள் அவரை ஐயரின் நிழலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சங்கங்களுக்குள் சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு தோளுக்குத் தோள் நின்ற ஐயர், இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சு அந்தப் பக்கம் ஓங்கியதும் விலகினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். 1939இல் நேரு வந்துபோனதை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த வருஷமே அதன் தொழிற்சங்கம் தோட்டங்களில் இறங்கியது. வியாபாரிகளும் பெரிய கங்காணிமார்களும் இருக்கிற கட்சி தொழிலாளிக்கு என்ன செய்யும் என்று ஐயர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது, ஆனால் ஆட்கள் காங்கிரஸ் பக்கம் போய்விட்டார்கள்.

இந்தப் புதுச் சங்கத்தைத் தாங்கியவர்கள் தோட்டத் தலைவர்கள். என் அப்பா அப்படி ஒருவர். சம்பளம் கிடையாது. பகலெல்லாம் மலையில் வேலை. இரவில் காம்பரா காம்பராவாகப் போய்ச் சந்தா வாங்கி, பேருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுவார். கொழும்பிலிருந்து நோட்டீஸ் வந்தால் எங்கள் காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்து உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் கிழவர்கள் கேட்பார்கள்: "இன்னொருக்கா வாசிங்க தலைவரே, துரைக்கு இது தெரியுமா?" அந்தக் கேள்விகளை எழுதி மேலே அனுப்ப ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. சேதி மலையேறி வரும், பதில் மலையிறங்காது.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1952இல் காங்கிரஸ் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தது. பிறகு காங்கிரஸின் தலைவர்களான சௌமியமூர்த்தி தொண்டமானுக்கும் அப்துல் அஸீசுக்கும் நடுவில் தலைமைப் போட்டி முற்றியது. தொண்டமான் இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர், அஸீஸ் இடதுசாரிச் சாய்வுள்ளவர். காங்கிரஸின் தொழிற்சங்கம் அதற்குள் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. 1956இல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார்.

பிரிந்த சேதியும் நோட்டீசாகத்தான் வந்தது. ஆனால் இம்முறை இரண்டு நோட்டீஸ்! ஒன்றை மற்றது பொய் என்றது. அப்பா இரண்டையும் படித்தார். முதல் நோட்டீசுக்குத் தலையாட்டியவர்கள் இரண்டாவதற்கும் தலையாட்டினார்கள் என்பார். ஒரு கிழமைக்குள் தொண்டமான் சங்கம், அஸீஸ் சங்கம் என்று லயம் இரண்டாகியது. சித்தப்பா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வார்த்தை தடித்தது. ஒரு சங்கத்து ஆள் வேலைநீக்கப்பட்டால் மற்றவன் பேசாமல் கொழுந்து நிறுக்கப் போவான், துரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தலைவர்களுக்குள் எதற்காகப் பிரிவு என்று அப்பாவால் யாருக்கும் விளக்க முடியவில்லை, அவருக்கே அதை யாரும் விளக்கியிருக்கவில்லை.

பிறகு உடைவு பழகிவிட்டது. 1965இல் வி. கே. வெள்ளையன் ஹட்டனில் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். இடதுசாரிகளின் செங்கொடிச் சங்கம் தனியே இருந்தது. தேர்தல் கட்சிகளும் ஆளுக்கொரு சங்கம் வைத்தன.

இத்தனைக்கும் சந்தா கொடுத்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். இஸ்தோப்புக் கூட்டத்தில் அவர்கள் வாசற்படிக்கு உள்ளேதான் நிற்பார்கள். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்பது எந்தச் சங்கத்து நோட்டீசிலும் முதல் வரியாக வந்ததாக அப்பாவுக்கு நினைவில்லை. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோதுதான் சமசம்பளம் கிடைத்தது. அந்தக் கிழமை, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் இரண்டு சங்கத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள். எங்கள் அம்மாவும் சின்னம்மாவும் அதில் இருந்தார்கள்.