பிராமி எழுத்தின் மறைவும் மீட்சியும்

தோற்றுவாய்

ஓர் எழுத்து வழக்கொழிவது ஒரே நாளில் நிகழ்வதன்று. தலைமுறைதோறும் வரிவடிவம் சிறிது சிறிதாக மாறிவருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து எழுத்தை இடர்ப்பாடின்றிப் படிக்கிறது. ஆயின், பல நூற்றாண்டுகள் கழிந்தபின் முன்னோர் பொறித்த எழுத்து பின்னோர்க்கு வெறுங்கோடுகளாகத் தோன்றுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரிய வேந்தன் அசோகன் மக்கள் அனைவரும் அறிந்து ஒழுகவேண்டும் என்று பாறைகளிலும் தூண்களிலும் பொறிப்பித்த சாசனங்களுக்கு நேர்ந்த நிலை இதுவே. அவற்றைப் பொறித்த பிராமி எழுத்து மறக்கப்பட்டதும், மீண்டும் படிக்கப்பெற்றதும், அப்படிப்பின் பயன் தமிழக வரலாறு வரை நீண்டதும் ஈண்டு ஆராயப்படுகின்றன. ஓர் எழுத்தை அறிதல் வேறு, அவ்வெழுத்தில் அமைந்த மொழியை அறிதல் வேறு என்பது இவ்வரலாற்றால் விளங்கும் உண்மையாகும்.

தில்லிக்கு வந்த தூண்

1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட பிரோசு ஷா துக்ளக், இன்றைய அரியானாவில் உள்ள தோப்ரா என்னும் ஊரில் நின்ற பெருங்கல் தூணொன்றைக் கண்டு வியந்தான். ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுடைய அவ்வொற்றைக் கல்லைத் தன் புதிய நகரான பிரோசாபாத்துக்குக் கொண்டுவர விரும்பினான். அப்பணி நிகழ்ந்த முறையைச் சம்சி சிராசு அபீபு என்னும் வரலாற்றாசிரியர் விரிவாக எழுதிவைத்துள்ளார்.

சுற்றுப்புறத்து மக்கள் கொணர்ந்த இலவம்பஞ்சு தூணைச் சுற்றிலும் மெத்தைபோல் பரப்பப்பட்டது. அடிமண்ணைத் தோண்டியதும் தூண் அம்மெத்தைமேல் மெல்லச் சாய்ந்தது. பின்னர்ப் பஞ்சைச் சிறிது சிறிதாக அகற்றித் தூணைத் தரையில் கிடத்தினர். நாணலும் பதனிடாத தோலும் அதன்மீது சுற்றப்பட்டன. 42 உருளைகள் கொண்ட வண்டியொன்று செய்யப்பட்டது. உருளை ஒவ்வொன்றிலும் கயிறு பிணித்து, கயிறு ஒன்றுக்கு 200 பேர் வீதம் இழுத்து, அதனை யமுனைக் கரைக்குக் கொண்டுவந்தனர். ஆயிரக்கணக்கான மணங்கு தானியம் ஏற்றவல்ல பெரும் படகுகளில் தூண் ஏற்றப்பட்டது. பிரோசாபாத்தில் படிப்படியாக எழுப்பிய கற்கட்டடத்தின் உச்சியில் அது நிறுத்தப்பட்டது.

இத்துணை அருமையாகக் கொணர்ந்த தூணில் எழுதியிருப்பது யாது என அறிய மன்னன் விழைந்தான். கற்றறிந்த அந்தணர்கள் பலர் அழைக்கப்பட்டனர். ஒருவராலும் அதனைப் படிக்க இயலவில்லை. பிரோசு ஷா தோன்றும்வரை எவராலும் இத்தூணைப் பெயர்க்க இயலாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சிலர் கூறினராம். படிக்கத் தெரியாமையை மன்னனின் புகழுரையால் மறைத்தனர் போலும்! எவனுடைய சொற்களை வைத்துக்கொண்டு தன்னைப் புகழ்கின்றனர் என்பதை அம்மன்னன் அறிந்திலன்.

மீரத்திலிருந்து அவன் கொணர்ந்த மற்றோர் அசோகத் தூண், பரூக்சியர் காலத்தில் (1713–1719) வெடிமருந்து வெடித்ததால் துண்டுதுண்டாக உடைந்தது. 1867இல்தான் அது மீண்டும் நிறுத்தப்பட்டது. தோப்ராத் தூணோ அழிவின்றி நிலைத்தது. எனினும் அதனைக் கண்டோர் தத்தம் மனம்போல் பொருள் கற்பித்தனர். 1615இல் இந்தியா வந்த ஆங்கிலப் பயணி தாமசு கோரியத்து, அதிலுள்ள எழுத்து கிரேக்கம் என்றும், போரசை வென்றதன் நினைவாக அலெக்சாந்தர் அதனை நாட்டினான் என்றும் கருதினார்.

பிரின்செப்பின் முயற்சி

1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகம் தோன்றியபின் பழைய எழுத்துகளைப் பற்றிய ஆய்வு முறையாகத் தொடங்கியது. சார்லசு வில்கின்சு பிற்கால எழுத்துகள் சிலவற்றைப் படித்தார். ஆயினும் மிகப் பழைய எழுத்து பிடிபடவில்லை. அதற்குத் திறவுகோலாக ஒரு நூல் உண்டெனப் போலியான சுவடியைக் காட்டிப் பிரான்சிசு வில்போர்டு என்னும் அறிஞரை ஏமாற்றிய நிகழ்ச்சியும் நடந்தது.

கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத் தரம் ஆய்வு செய்யும் அலுவலரான ஜேம்சு பிரின்செப், 1832இல் ஆசியக் கழகத்தின் செயலாளரானார். 1834இல் அலகாபாத்துத் தூணின் எழுத்துகளை வகைப்படுத்தி, மெய்வடிவங்களோடு உயிர்க்குறிகள் முறையாக ஒட்டிவருவதைக் கண்டறிந்தார். 1836இல் கிறித்தியான் லாசன் என்பவர், அகத்தோக்ளிசு என்னும் இந்தோ-கிரேக்க மன்னனின் இருமொழி நாணயத்தைக் கொண்டு சில எழுத்துகளை இனங்கண்டார்.

1837இல் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்த சிறுசிறு பொறிப்புகளின் படிகள் பிரின்செப்பின் கைக்கு வந்தன. அவை பெரும்பாலும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் உற்று நோக்கினார். கோயில்களில் அடியார்கள் தாம் அளித்த கொடையைக் கல்லில் பொறிப்பது இந்நாட்டு மரபு. ஆதலின் அவ்விறுதிச் சொல் ‘தானம்’ என்பதாகலாம் என ஊகித்தார். அதற்கு முன்னர் வரும் எழுத்து, உடைமைப் பொருளைக் காட்டும் பிராகிருத வேற்றுமை உருபாகிய ‘ஸ’ என்றும் கொண்டார். இன்னாருடைய தானம் என்னும் தொடர் இவ்வாறு தெளிவுற்றது. த, ந, ஸ ஆகியவை உறுதிப்பட்டதும் ஏனைய எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. சின்னாட்களில் தில்லித் தூணும் படிக்கப்பெற்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அதுவரை ஆய்ந்தோர் பலர் இச்சாசனங்கள் வடமொழியில் அமைந்தவை என எதிர்பார்த்தனர். அவை மக்கள் பேசிய பிராகிருதத்தில் அமைந்தவை என்பது தெளிந்தபோதே சொற்கள் பொருள் தந்தன.

பியதசி யார்?

தூண் சாசனங்களில் பேசும் மன்னன் தன்னைத் ‘தேவானாம்பிய பியதசி’ என்கிறான். அப்படியொரு மன்னனை இந்திய வரலாறு அறிந்திருக்கவில்லை. இலங்கையை ஆண்ட தேவானாம்பிய திசனாக இருக்கலாமோ எனப் பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கை ஆட்சிப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலி வரலாற்று நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமாகிய அசோகனையே தீபவம்சம் பியதசி என்று அழைப்பதை அவர் எடுத்துக்காட்டினார். புராணங்களின் அரசர் பட்டியலில் வெறும் பெயராக மட்டும் நின்ற அசோகன், தன் வாய்மொழியோடு வரலாற்றில் எழுந்து நின்றான். பிறந்த நாட்டில் மறைந்த செய்தியைக் கடல் கடந்த தீவின் பாலி மரபு காத்துவைத்திருந்தது.

1838இல் கிர்நார்ப் பாறைச் சாசனத்தைப் படித்த பிரின்செப், அதில் அந்தியோக்கசு, தாலமி முதலிய கிரேக்க மன்னர்களின் பெயர்களைக் கண்டார். இதனால் அசோகனின் காலத்தை வரையறுக்க வழி பிறந்தது. ஆயின், இடையறாத உழைப்பால் அவர் உடலும் உள்ளமும் நலிந்தன. அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவைவிட்டுச் சென்றவர் நலம்பெறாமலே 1840இல், தம் 40ஆம் அகவையில் இலண்டனில் மறைந்தார்.

1915இல் பொன் வளம் தேடிய பீடன் என்னும் பொறியாளர் கருநாடகத்து மஸ்கியில் ஒரு சாசனத்தைக் கண்டார். ‘அசோக’ என்னும் இயற்பெயர் அதில் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. டர்னரின் முடிவு கல்லிலேயே உறுதிப்பட்டது.

தமிழகத் தொடர்பு

அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததைக் கூறுகையில் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளைச் சுட்டுகிறது. இவர்களுள் மூவர் எளிதில் விளங்கினர். சதியபுத்திரர் யார் என்பது பற்றி நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது.

இதற்கிடையில், தமிழகக் குகைத்தளங்களில் பிராமி எழுத்துப் பொறிப்புகள் கிடைத்தன. மாங்குளம் பொறிப்புகளை 1882இல் இராபர்ட் சூவெல் கண்டறிந்தார். எழுத்து அறிந்ததாயினும் பொருள் விளங்கவில்லை. அவற்றின் மொழி பிராகிருதம் எனக் கருதியதே காரணம். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ற, ன, ழ, ள ஆகிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் அமைந்திருத்தலைக் காட்டி, இவற்றின் மொழி தமிழே என நிறுவினார். 1965இல் ஐராவதம் மகாதேவன் புகழூர்ப் பொறிப்பில் சேர மன்னரையும், மாங்குளத்தில் நெடுஞ்செழியனையும் இனங்கண்டார்.

1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியமான் நெடுமானஞ்சி அளித்த கொடையைக் கூறும் அது ‘ஸதியபுதோ’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. அசோகன் சுட்டிய சதியபுத்திரர், சங்க இலக்கியம் போற்றும் அதியர் குடியினரே எனப் பலரும் கொள்ள இது சான்றாயிற்று.

முடிவுரை

எழுத்து என்னும் பூட்டைத் திறக்க வடிவ ஒப்பீடும் கணக்கீடும் பயன்பட்டன. மொழி என்னும் பூட்டைத் திறக்க, முன்முடிவைக் கைவிடும் மனமே வேண்டியிருந்தது. வடமொழியை எதிர்பார்த்தோர்க்குச் சாஞ்சியும், பிராகிருதத்தை எதிர்பார்த்தோர்க்கு மாங்குளமும் வாய் திறக்கவில்லை. பிரின்செப் கொடையாளரின் வழக்கத்தை நோக்கினார். டர்னர் பாலி நூல்களை நோக்கினார். சுப்பிரமணிய ஐயர் தமிழின் ஒலிமரபை நோக்கினார். இம்மூவர் நோக்கும் ஒன்றையொன்று நிறைவு செய்ததனாலேயே, பிரோசு ஷாவின் அவையில் வாளா நின்ற எழுத்து ஜம்பைப் பாறையில் அதியமானின் பெயரைச் சொல்லக் கேட்கிறோம்.