வாகனம் ஒருவருடையது, ஓட்டம் இன்னொருவருடையது

தெஹிவளைச் சந்தியில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு காரை வரவழைத்து ஏறிக்கொண்டால், "வாகனம் உங்களுடையதா?" என்று சாரதியிடம் கேட்பது எனது வழக்கம். பத்திரிகைத் தொழில் தந்த பழக்கங்களில் இதுவும் ஒன்று. சிலர் ஆம் என்பர். அவர்களிலும் பலர் "லீசிங் முடிந்தால் என்னுடையது" என்று திருத்திக்கொள்வர். மற்றையோர் வெள்ளவத்தையில் ஓர் ஐயாவுடையது, களுபோவிலையில் ஒரு டீச்சருடையது, லண்டனில் இருப்பவர் ஒருவருடையது என்று பதில் சொல்வர். ஓய்வூதியப் பணத்தையோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பியதையோ முதலாக்கி, ஒரு சிறிய காரை வாங்கி, சாரதி ஒருவரை அமர்த்தி ஓடவிடுவது கடந்த பத்து வருடங்களில் இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களிடையே பரவிய ஒரு முயற்சியாகும்.

இதனைப் புதியதொரு தொழில் என்றே பலரும் எண்ணுகின்றனர். செயலிதான் புதிது. ஒருவர் வாகனத்தை வாங்க, இன்னொருவர் அதனை ஓட்டி நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு கொழும்பில் நூறு வருடங்களைக் கடந்தது. நட்டம் வந்தால் அது யாருடைய தலையில் விழும் என்ற கேள்விக்கும் அதே வயதுதான்.

ஜப்பானில் 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய றிக்‌ஷா, ஷங்காய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்று, 1880களில் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. அதனை இழுத்தவர்களில் பெரும்பான்மையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். வண்டி அவர்களுடையதன்று. உரிமையாளருக்கு நாள் வாடகையைக் கட்டிவிட்டு எஞ்சியதைத் தமதாக்கிக்கொண்டார்கள். மழை பெய்தாலும், துறைமுகத்துக்குக் கப்பல் வராவிட்டாலும், இழுப்பவன் காய்ச்சலில் படுத்தாலும் வாடகை மாறாது. ஆசிய நகரங்கள் எங்கும் இதுவே வழமையாக இருந்தது.

டிராம் வண்டித் தொழிலாளரை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1899இல் கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதன் சாரதிக்கும் நடத்துநருக்கும் சம்பளம் இருந்தது. சம்பளம் கொடுக்கும் ஒரே கம்பனியும் இருந்தது. ஆகவேதான் 1929இல் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் அவர்களால் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. றிக்‌ஷா இழுத்தவர் யாருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வார்? அவரைச் சட்டம் ஒரு தொழிலாளியாகக் காணவில்லை. வண்டியை வாடகைக்கு எடுத்த ஒரு வாடிக்கையாளராகவே கண்டது. இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்காகத்தான் நூறு வருடங்களுக்குப் பின்னர் ஊபர் சாரதிகள் லண்டனில் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்லர், தொழிலாளர்களே என்று 2021 பெப்ரவரி 19ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது ஊரில் அந்தக் கேள்வி இன்னும் நீதிமன்றப் படியேறிய அளவுக்கு முற்றவில்லை.

மோட்டார் யுகத்தில் மஞ்சள் கூரை போட்ட மொறிஸ் மைனர் ராக்சிகள் கொழும்பின் அடையாளமாக விளங்கின. என் வயதினருக்கு அவற்றின் மீற்றர் எழுப்பும் ஓசை இன்னும் காதில் இருக்கும். பஸ்களின் கதை இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. முதலில் தனித்தனி முதலாளிகள் பாதைகளில் போட்டியிட்டு ஓடினார்கள். 1942ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டத்தின் பின்னர் பெரிய கம்பனிகள் உருவாகின. நமது காலி வீதியில் சேர் சிறில் டி சொய்சாவின் சவுத் வெஸ்டேர்ன் பஸ் கம்பனி ஓடியது. 1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் அனைத்தையும் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. முதலாளிமாரின் கம்பனிகள் ஒரே நாளில் கைமாறின. சாரதிகளோ மாதச் சம்பளக்காரர்களானார்கள். சபையின் குறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். எனினும், மாலைக்குள் முதலாளியின் தொகையைச் சேர்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி இன்றிப் பஸ் ஓட்டிய சாரதிகளை நாம் கண்டது அக்காலத்தில்தான்.

1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இம்முறை வந்தவர்கள் பெருங்கம்பனிகள் அல்லர். ஒரு பஸ்ஸை, மிஞ்சினால் இரண்டை வைத்திருந்த சிறு உரிமையாளர்கள். பஸ் வீட்டிலிருந்து காலையில் புறப்படும். இரவில் குறித்த தொகையோடு திரும்ப வேண்டும். அதற்கு மேல் கிடைப்பது சாரதிக்கும் நடத்துநருக்கும். 100ஆம், 101ஆம் இலக்கப் பஸ்கள் காலி வீதியில் ஒன்றையொன்று முந்துவதையும், பயணி படியில் கால் வைக்கும் முன்னரே புறப்படுவதையும் சாரதியின் குணக்கேடு என்று திட்டுகிறோம். அந்தக் குணத்தின் பின்னால் மாலைக்குள் சேர்த்தாக வேண்டிய ஒரு தொகை இருக்கிறது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு வரத் தொடங்கிய முச்சக்கரவண்டிகளும் இவ்வழியையே பின்பற்றின. பதிவு செய்யப்பட்டவை இன்று பதினொரு இலட்சத்துக்கு மேல். அவற்றில் எத்தனையோ வண்டிகள் நாள் வாடகையில் ஓடியவை.

தமிழ் உரிமையாளருக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு தனிப் பக்கம் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் எரிந்தவை வீடுகளும் கடைகளும் மட்டுமல்ல. வீதியில் நிறுத்தி எரிக்கப்பட்ட வாகனங்களும்தான். அதன் பின்னர் பல வருடங்களுக்கு, கையில் பணம் இருந்தும் வாகனத்தில் போட அஞ்சியவர்களை நான் அறிவேன். நகையாக்கினால் எடுத்துக்கொண்டு ஓடலாம், காணியாக்கினால் மண்ணாவது மிஞ்சும், வாகனம் ஒரு தீக்குச்சிக்குப் போய்விடும் என்பது அவர்களுடைய வாதம். யுத்த காலத்தில் வாகனம் வாங்கியவர்களோ பெரும்பாலும் சிங்களச் சாரதிகளையே தேடினார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும் கை யாருடையது என்பதைப் பொறுத்து அன்றைய ஓட்டம் முடிவாகும். இவ்வாறு அமைந்த உறவுகளில் இருபது வருடங்கள் நீடித்தவையும் உண்டு. அவற்றை வெறும் வியாபாரக் கணக்கில் அடக்க முடியாது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, ஓஸ்ரின் ஏ-40 வாடகைக் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. ஐம்பதுகளில் பிறந்த கார்கள் அவை. அவை அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பிரித்தானிய இரும்பின் தரத்தை மட்டும் புகழ்வது போதாது. அவற்றுட் பலவற்றை உரிமையாளரே ஓட்டினார். உரிமையாளரே கீழே படுத்துத் திருத்தினார். நாள் வாடகைக்குப் போன எந்தக் காரும் அந்த வயதை எட்டியதாக நான் அறியவில்லை.

இனிச் செயலிக் காலத்துக்கு வருவோம். ஜிப்ரி சுல்பர் தொடங்கிய பிக்மீ 2015இன் நடுப்பகுதியிலும், ஊபர் அவ்வாண்டின் இறுதியிலும் கொழும்பில் ஓட ஆரம்பித்தன. சுசுகி அல்ட்டோவும் வாகன்-ஆரும் வீதிகளை நிறைத்தன. 2017 ஜனவரியில் மத்திய வங்கி கடன் எல்லைகளை இறுக்கியது. கார் ஒன்றின் பெறுமதியில் 50 வீதமும், முச்சக்கரவண்டியின் பெறுமதியில் 25 வீதமுமே கடனாகப் பெறலாம் என்றாயிற்று. மீதியை ரொக்கமாக வைத்திருப்பவர் யார்? நாளாந்தம் உழைத்துச் சாப்பிடும் சாரதியல்ல. ஓய்வூதியக்காரரும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருமே. கடனைக் கட்டுப்படுத்த வந்த விதி, ஓட்டத் தெரிந்தவனை உரிமையாளனாக விடாமல், பணமுள்ளவனை உரிமையாளனாக்கியது. இதனை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

கணக்கை விளக்குவதற்காக ஓர் உத்தேசத் தொகையை எடுத்துக்கொள்வோம். நாள் வாடகை 2,500 ரூபா, மாதம் 26 நாட்கள் என்றால் 65,000 ரூபா. லீசிங் தவணை 50,000 என்று வைத்தால் 15,000 கையில் மிஞ்சுவதாகத் தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் ஓடும் கார் வருடத்தில் 46,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். வீட்டுக்கார் நான்கு வருடங்களில் ஓடுவது அது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று பார்த்தாலும், மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கை அது நெருங்கும். டயர், பிரேக், கிளச் எல்லாம் அதே வேகத்தில் தேயும். காப்புறுதி இன்னொரு பொறி. சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடவிட்டால், விபத்தின் பின்னர் கம்பனி இழப்பீட்டை மறுக்கலாம். வாடகை ஓட்டத்துக்கான காப்புறுதியோ விலை கூடியது. அந்தப் பதினைந்தாயிரம் இலாபமல்ல. காரின் ஆயுளைத் துண்டு துண்டாக விற்ற பணம்.

சாரதியின் பக்கக் கணக்கும் இதைவிட இலகுவானதன்று. அவரது நாள் பூச்சியத்தில் ஆரம்பிப்பதில்லை. 2,500 ரூபா கடனில் ஆரம்பிக்கிறது. பெற்றோலும் அவருடையது, செயலிக் கம்பனி எடுக்கும் பங்கும் அவருடைய உழைப்பிலிருந்தே. மதியம் வரை உரிமையாளருக்காகவும் பெற்றோலுக்காகவும் ஓடி, அதன் பிறகே தனக்காக ஓடுகிறார். இரவு பதினொரு மணிக்கும் கண் சிவக்க ஓட்டுவது அதனால்தான். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாலோ, கார் முழு உரிமையாக எழுதப்பட்டிருப்பது இந்த இருவர் பெயரிலும் அல்ல, லீசிங் கம்பனியின் பெயரில். அது வாகனத்தில் ஏறுவதேயில்லை. ஓட்டம் நன்றாயிருந்தாலென்ன, படுத்தாலென்ன, தவணைத் திகதி மாறாது.

பெரிய இடங்களிலும் இந்தக் கணக்கு பிழைத்திருக்கிறது. அமெரிக்காவில் சாரதிகளுக்குக் கார் குத்தகைக்குக் கொடுக்கவென ஊபர் தானே 2015இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. ஒரு காருக்குச் சுமார் 500 டொலர் நட்டம் வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 9,000 டொலர் நட்டம் ஏற்பட்டதாக 2017இல் செய்தி வெளியானது, அதனைக் கைவிட்டார்கள். நியூயோர்க் ராக்சி அனுமதிப்பத்திரங்கள் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டவை. ஒரு கட்டத்தில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோன அவை, செயலிகள் வந்த பின்னர் இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்தன. கடன் வாங்கி அவற்றை எடுத்த சாரதிகள் சிலர் 2018இல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அங்கே நாள் வாடகை முறைக்கு வழங்கிய பழைய பெயர் "குதிரை வாடகை". குதிரை போய் நூற்றாண்டான பின்னரும் பெயர் போகவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. சுயதொழில் செய்வோரின் வாகனங்களுக்கு ஆறு மாத காலத் தவணைச் சலுகை அறிவிக்கப்பட்டது. ஆனால் மற்றவருடைய காரை ஓட்டியவருக்குப் பிற்போடுவதற்குத் தவணை எதுவும் இல்லை. அன்றைய சோறுதான் இருந்தது. 2022இல் வந்தது அதனினும் கொடியது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று நிர்ணயித்தார்கள். வாடகைக் காருக்கு அது இரண்டு நாள் ஓட்டம்.

அந்நாட்களில் பெற்றோல் வரிசைகளில் இரவைக் கழித்த சாரதிகளிடமிருந்து அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுண்டு. வரிசையில் நின்ற நாளுக்கும் வாடகை கொடுக்க வேண்டுமா என்பதே அது. எழுத்தில் உடன்படிக்கை எதுவும் இல்லாத உறவுகளில் இதற்கு விடை உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது. எனது ஒழுங்கையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று மாதங்கள் வாடகையே வாங்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து தவணை கட்டினார். "தம்பி, அவன்ர பிள்ளையளும் என்னட்டப் படிச்சதுகள் மாதிரித்தானே" என்றார். அவருக்கு நான்கு வீடுகள் தள்ளி, வாடகை தவறிய மறுநாளே திறப்பை வாங்கி வைத்தவரும் இருந்தார். அவரையும் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கும் தவணைத் திகதி இருந்தது, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியிருந்தது. பலருடைய வாகனங்களை லீசிங் கம்பனிகள் வீதியில் வைத்தே பறித்துக்கொண்டு போயின.

இதில் ஒரு விசித்திரம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய கார்களின் விலை வாங்கிய விலைக்கும் மேலே ஏறியது. ஓட்டத்தில் இழந்தவர்கள் சிலர் காரை விற்று இலாபம் கண்டார்கள். காரைத் தேய்த்து ஓட்டிய சாரதிக்கு அந்த இலாபத்தில் பங்கு இருக்கவில்லை. காரோடு அவருடைய வேலையும் விற்கப்பட்டது. ஆசிரியையும் கடைசியில் விற்றார். வந்த பணத்தில் ஒரு பகுதியைச் சாரதிக்குக் கொடுத்ததாகவும், அதனை முற்பணமாக்கி அவர் பழைய முச்சக்கரவண்டி ஒன்றை எடுத்ததாகவும் அறிந்தேன். இப்படியானவை விதிவிலக்குகள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரியோ மலை போல. கார் வாங்கி ஓடவிடலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களும் மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது மூன்றே விடயங்கள்: காப்புறுதி எந்த வகை, வாகனம் ஓடாத நாளுக்கு என்ன ஏற்பாடு, அது எழுத்தில் இருக்கிறதா என்பன. நாள் வாடகையை விட்டு, வருமானத்தில் வீதப்படி பங்கிடும் முறைக்குச் சிலர் மாறியிருக்கிறார்கள். செயலியில் ஒவ்வொரு ஓட்டமும் பதிவாவதால் இது முன்னரைவிட இலகு. மறுபுறம், கார் வாடகைக்குக் கொடுப்போர் பலர் இப்போது சாரதியிடமிருந்தே பெருந்தொகையொன்றை வைப்புப் பணமாகக் கேட்கின்றனர். றிக்‌ஷா முதலாளிகளுக்குக்கூடத் தோன்றாத யோசனை அது.