கோணான்குப்பத்து மரநிழல்

சில ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனி நாட்டுச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்றிருந்த அவ்வூர்க் குருவுக்குப் பதிலாக ஆகஸ்டு மாதம் முழுவதும் பணியாற்றினேன். கோடையில் நம் குருக்கள் பலர் இவ்வாறு சென்று வருவதை வாசகர்கள் அறிவர். எழுதி வைத்துக்கொண்டு நான் தட்டுத்தடுமாறி வாசித்த மறையுரையை அம்மக்கள் பொறுமையோடு கேட்டனர். நான்காம் நாள் காலை என் கதவடியில் மூடியிட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. நான் ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுவதை எப்படியோ அறிந்துகொண்ட பக்கத்து வீட்டு மூதாட்டி, அரிசியைக் களிபோல் குழைய வேகவைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரிலிருந்து கொண்டுசென்ற ஊறுகாயோடு அதை உண்டேன். அப்பாத்திரம் மாதம் முழுவதும் நாள் தவறாமல் வந்தது. கொடுக்கச் சென்றவன் என்று என்னை எண்ணியிருந்தேன். உண்மையில் பெற்றுக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் சந்திக்கும் வேப்பூர் கூட்டுச்சாலையில் இறங்கி நின்றபோது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையில் வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தது யார்? நம் மறைப்பணி வரலாறுகள் வந்தவரின் பக்கமிருந்தே எழுதப்பட்டுள்ளன. வாசற்கதவைத் திறந்தவரின் பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. விருத்தாசலம் வட்டாரத்திலேயே இருக்கிறது கோணான்குப்பம். வீரமாமுனிவரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த பெரியநாயகி அன்னையின் திருத்தலம் அது. கொன்ஸ்தாந்தின் யோசேப்பு பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று, புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே இத்தாலிய ஊரான காஸ்திலியோனேயில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவா வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளத்தை அடைந்தார். சந்தா சாகிபின் திவானாகப் பல்லக்கில் உலா வந்தவர் என்று அவரைக் காட்டும் சித்திரம், முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாற்றால் பரவியது. பிற்கால ஆய்வாளர்கள் அதனை ஏற்கத் தயங்குகின்றனர். எனக்கும் அப்பல்லக்கில் பெரிய நாட்டமில்லை.

நாட்டம் கொள்ளத்தக்கது அவர்களுடைய அன்றாட வாழ்வு. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி தொடங்கிவைத்த துறவு முறையைப் பின்வந்தோரும் மேற்கொண்டனர். காவி உடை, கூரைவேய்ந்த மண்குடில், சோறும் காய்கறியும் மட்டுமே உணவு. ஊன், மீன், மது ஆகிய எதுவும் தொடலாகாது. திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசம் கடற்கரையிலிருந்து வந்து சேர வேண்டும். கத்திரி வெயிலில் மணல் காலைச் சுடும் என்பதால் இரவில் நடப்பதும், விடியவிடியப் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் வழக்கமாயிருந்தன. முன்னே சென்று இடம் பார்ப்பவர் உபதேசியார். இவையனைத்தும் பிறர் தயவால் மட்டுமே நடக்கக்கூடியவை. குடில் போட ஒருவர் நிலம் தர வேண்டும். ஒருவர் கீற்று முடைய வேண்டும். ஒருவர் கிணற்றைக் காட்ட வேண்டும். ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களில் பாடுகளும் திருமுழுக்குகளும் விரிவாக இடம்பெற்றன. கீற்று முடைந்தவரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கோணான்குப்பத்தில் ஒரு பெயர் நிலைத்தது. மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது: வழி தவறிக் காட்டில் அலைந்த முனிவர், தாம் கொண்டுவந்த அன்னையின் சுரூபத்தை அருகில் வைத்துவிட்டு மரநிழலில் கண்ணயர்ந்தார். மாடு மேய்த்த சிறுவர்கள் அதை எடுத்துப் புதரில் ஒளித்துவிட்டனர். முகாசபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயருக்குப் பிள்ளையில்லை. அன்னை அவர் கனவில் தோன்றித் தமக்கு ஓர் ஆலயம் வேண்டினார். கச்சிராயர் சுரூபத்தைக் கண்டெடுத்து ஆலயம் எழ உதவினார், பிள்ளைப்பேறும் வாய்த்தது. கதையின் ஒவ்வொரு இழைக்கும் ஆவணம் காட்டுவது அரிது. ஆனால் அதன் நடுவில் நிற்பவர் ஓர் இந்துப் பெருமகன் என்பதை இம்மக்கள் ஒருபோதும் மறைத்ததில்லை. சனவரித் திருவிழாவில் அக்குடும்பத்தாருக்கு இன்றும் சிறப்பிடம் உண்டு. அன்னைக்கு வழங்கும் திருப்பெயரும் இம்மண்ணுக்குப் பழகியதே: விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் எழுந்தருளிய அம்மனும் பெரியநாயகிதான்.

மற்றொரு விருந்தோம்பலையும் இங்கே சொல்ல வேண்டும். முனிவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது மரபு. வேற்று நாட்டான், வேற்றுச் சமயத்தான், முப்பதைக் கடந்த வயதில் எதிரில் அமர்ந்து எழுத்தும் யாப்பும் கேட்கிறான். கையிலுள்ளதையெல்லாம் ஒருவர் கொடுத்துவிடுகிறார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், 1732இல் முற்றுப்பெற்ற சதுரகராதியும் முனிவரின் உழைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வுழைப்புக்கு முன், தன் மொழியைப் பூட்டி வைக்காத ஒரு தமிழ்ப் புலவரின் திண்ணை இருந்திருக்கிறது.

இனிச் சொல்வது வருத்தத்தோடு சொல்வது. எழுபத்திரண்டு சீடரை அனுப்பிய ஆண்டவர், பையும் மிதியடியும் வேண்டாம், மக்கள் அளிப்பதை உண்ணுங்கள் என்று பணித்ததை லூக்கா எழுதுகிறார். எல்லார் அளிப்பதையுமா அவர்கள் உண்டார்கள்? பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அருளடையாளங்கள் வழங்கினர். அம்மக்களே பல இடங்களில் திருச்சபையின் பெரும்பகுதியாயிருந்தனர். ஆயினும் அவர்கள் வீட்டில் குருவைக் கண்டால் பிற சாதியார் விலகிப் போவர் என்ற அச்சம் நிலவியது. 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704 சூன் 23 நாளிட்ட ஆணையில், நோயுற்ற பறையர் இல்லங்களுக்குள் குருக்கள் சென்று அருளடையாளம் வழங்க வேண்டும் என்று விதிக்க நேர்ந்தது. ஆணையிட்டுத்தான் அவ்வாசலை மிதிக்க வைக்க வேண்டியிருந்தது. அதன்மேல் நாற்பது ஆண்டுகள் வழக்காடினர். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னபோதும், அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்குவதே வழியாகக் காணப்பட்டது. அக்குருக்களைப் பழிப்பது எனக்கு எளிது; அவர்கள் நடந்த மணலில் நான் நடந்ததில்லை. ஆனால் கொடுக்கக் காத்திருந்தும் வாங்குவாரில்லாமல் நின்ற கைகள் எத்தனையோ என்ற எண்ணம் விலகவில்லை.

சென்ற சித்திரையில் வேப்பூருக்கு அருகே ஒரு சிற்றூரில் நோயுற்றோரைச் சந்திக்கச் சென்றேன். காலனியின் கடைசி வீட்டில் நம் சபையைச் சேர்ந்த பாட்டி ஒருவர் இருந்தார். நற்கருணை வாங்கியபின், வியர்த்து நின்ற என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "சாமி, எங்க வூட்டுத் தண்ணி குடிப்பீங்களா?" அக்கேள்வியின் வயதை நான் அறிவேன். "கொடுங்கம்மா" என்றேன். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்திருந்த புதுக் குவளையை எடுத்து, இருமுறை கழுவி, பானைத் தண்ணீரை நிரம்ப ஊற்றி, என் கையில் தராமல் திண்ணையில் வைத்தார். குடித்தேன். இன்னும் ஒரு குவளை கேட்டேன். இம்முறை கையில் தந்தார்.